எலும்புக்கு ஏது விசா

அந்தக் காலத்தில் அனாடமி படிக்க ஒரு பெட்டி எலும்பு வேண்டும். இந்தக் காலத்தில் ஒரு பாஸ்வேர்டு வேண்டும். இரண்டையும் சீனியரிடம் வாங்கினால்தான் மலிவு என்பதில் மட்டும் மாற்றமில்லை.

நான் எம்.பி.பி.எஸ். சேர்ந்தது 1973-இல். ‘போன் செட்’ என்றால் ஒரு பழைய டிரங்குப் பெட்டி, அதற்குள் பாதி மனிதர். மண்டையோடு, ஒரு பக்கத்துக் கை, ஒரு பக்கத்துக் கால், கயிற்றில் கோத்த முதுகெலும்புகள். மீதிப் பாதி வேறொரு பெட்டியில், வேறொருவன் கட்டிலுக்கடியில் கிடக்கும். சீனியர் சொன்னதுதான் விலை. மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் ஒன்று கட்டாயம் குறையும்; பிசிஃபார்ம் பட்டாணி அளவுதான் என்பதால் முதலில் தொலைவது அதுவே. அந்த இடத்தில் ஒரு புளியங்கொட்டையைக் கோத்து விற்றுவிட்டுப் போன சீனியர், பின்னாளில் ஊரறிந்த எலும்பு முறிவு சர்ஜன் ஆனார்.

தீபாவளி லீவுக்குப் பெட்டியையும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிராமம். ஆச்சி நடையிலேயே மறித்தாள்.

“பொட்டியில என்னல?”

“புஸ்தகம் ஆச்சி.”

“எந்த ஊர்ப் புஸ்தகம்ல இப்படி லொடலொடங்குது? தொற.”

திறந்தேன். கூப்பாடு போடுவாள் என்று நினைத்தேன். அவளோ குனிந்து மண்டையோட்டைச் சற்று நேரம் பார்த்தாள். “ஆம்பளையா, பொம்பளையா?” என்றாள். பிற்பாடு வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். ஆனால் அவருக்கு விடை தெரியும். ஆச்சி என் விடைக்குக் காத்திருக்கவில்லை. “யாரு பெத்த பிள்ளையோ” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியை மாட்டுத் தொழுவுக்கு அனுப்பிவிட்டாள். டிசெக்‌ஷன் கையேடான கன்னிங்ஹாமின் முதல் வால்யூமை நான் படித்து முடித்தது ஒரு பசுமாட்டின் முன்னிலையில்.

யார் பெற்ற பிள்ளை என்று கல்லூரியில் யாரும் கேட்டதில்லை. அந்த நாளில் உலகத்துக்கே எலும்பு சப்ளை செய்தது நம் நாடு, முக்கியமாகக் கல்கத்தா. லண்டனில் படித்தவரும் சிகாகோவில் படித்தவரும் தடவிப் பார்த்த தொடையெலும்பு, உயிரோடிருந்தபோது பெரும்பாலும் இந்தியாவில்தான் நடந்து திரிந்திருக்கும். 1985-இல் மத்திய அரசு இந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதுவரைக்கும் எலும்புக்கு ஏது விசா, ஒரு இன்வாய்ஸ் போதும்.

எனக்கு அது போதவில்லை. பிரிட்டனில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு, நெஞ்சு எக்ஸ்ரே என்று ஒவ்வொன்றாகக் காட்டி விசா வாங்கிப் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த வாரத்திலேயே ஸ்டோர் ரூமைச் சுற்றிக் காட்டினார்கள். சுவரோரம் மரப்பெட்டிகள். ஒரு காலத்தில் மாணவர்கள் பாதி எலும்புக்கூட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிப்பதற்காகக் கொடுத்த பெட்டிகள். இப்போது பூட்டில் இருக்கின்றன. பொறுப்பாளர் ஒன்றைத் திறந்து, “எல்லாரும் உங்கள் ஊர்க்காரர்கள்” என்றார். அவருக்குக் கல்கத்தாவும் திருநெல்வேலியும் ஒன்றுதான். திருத்தவில்லை. எனக்கு முன்னால் வந்து, என்னைவிட அதிக வருடம் பாடம் நடத்தியவர்கள் என்ற மரியாதை.

அங்கே இப்போது மாணவர்கள் கையில் பிளாஸ்டிக் எலும்பு. நம் ஊரிலும் அதுவே வந்துவிட்டது. உலகத்துக்கு அசலை விற்ற நாடு நகலை வைத்துப் படிக்கிறது.

பிளாஸ்டிக்கில் எனக்குள்ள வழக்கு ஒன்றுதான், அது முழங்கால் சில்லைப் பற்றியது. எங்கள் புரொஃபசர் வைவாவில் வாயைத் திறக்க மாட்டார். வகுப்பில் இரண்டு கையிலும் கலர் சாக்பீஸ் பிடித்து ஒரே நேரத்தில் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் வரைகிறவர், தேர்வு மேஜையில் கல்லாகிவிடுவார். ஒரு சில்லை எடுத்து முன்னால் தள்ளுவார், அவ்வளவுதான். மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான பக்கம் கீழே வரும்படி, கூர்முனை நமக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி மேஜையில் வைக்க வேண்டும். வைத்துக் கையை எடுத்தால் தானாக ஒரு பக்கம் சாயும். வலப்பக்கம் சாய்ந்தால் வலது கால், இடப்பக்கம் சாய்ந்தால் இடது கால். தொடையெலும்பின் மேல் உரசும் இரண்டு பரப்புகளில் வெளிப்பக்கத்தது பெரியது, அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது, விஷயம் இவ்வளவே. சில்லு சாய்கிற அந்த அரை நொடியில் பையன் முகத்தை அவர் பார்ப்பார். உருப்போட்டு வந்தவன் சில்லைப் பார்க்காமல் அவரைப் பார்ப்பான். கையில் வைத்துப் பழகியவன் சில்லைப் பார்ப்பான். மார்க் அங்கேயே விழுந்துவிடும்.

மலிவான பிளாஸ்டிக் சில்லு எந்தப் பக்கமும் சாயாமல் மேஜையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. திரையில் இருக்கிற சில்லுக்கோ பூமியின் ஈர்ப்பே கிடையாது. இரண்டு விரலால் சுற்றலாம், பெரிதாக்கலாம், மேலிருக்கும் தசைநாரை உரித்துப் பார்த்துவிட்டு மறுபடி போர்த்தலாம். எந்தக் கால் என்று கேட்கவே முடியாது. கீழே எழுதியே போட்டிருக்கிறான்.

டிசெக்‌ஷன் ஹாலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஃபார்மலின் வாடையையும் முதல் நாள் மயங்கி விழுந்த நண்பனையும் எழுதியாகிவிட்டது. என் பங்குக்கு ஒன்று. கண் எரிய எரிய நாங்கள் இழுத்த அந்த ஃபார்மால்டிஹைடை, 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. எங்கள் காலத்தில் அதற்கு இருந்த பாதுகாப்பு ஏற்பாடு, சன்னலைத் திறந்து வைப்பது. மழை பெய்தால் அதுவும் இல்லை.

உடல்கள் வந்தது 1951-ஆம் வருடத்து அனாடமி சட்டத்தின்படி. அரசு ஆஸ்பத்திரியில் இறந்து, கேட்டு யாரும் வராதவர்கள். நம்பர் உண்டு, பெயர் கிடையாது. அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றவர் அட்டெண்டர். தொட்டியிலிருந்து எடுப்பதும் வைப்பதும் அவர் வேலை. அதோடு டியூட்டர்கள் இல்லாத நேரத்தில் டியூட்டர் வேலையும் பார்த்தார். அக்குளைத் திறந்து, வாழைத்தண்டில் நார் எடுக்கிற பதத்தில் கொழுப்பை இழை இழையாக எடுத்து நரம்புப் பின்னலைக் காட்டுவதற்கு ஒரு வாரம் ஆகும். நாங்கள் அவசரப்படுவோம். பின்னாலிருந்து குரல் வரும்: “தம்பி, மஸ்குலோக்யூட்டேனியஸ்ஸை வெட்டிட்டீங்க. ஸ்பாட்டர்ல அதைத்தான் வைப்பாங்க.” எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் பேராசிரியரான பிறகும் அவர் சொன்னால் ஒருமுறை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வேன். புத்தகம் அவர் பக்கம்தான் இருக்கும்.

ஆடி அமாவாசை அன்றைக்கு அவர் தொட்டி அறை வாசற்படியில் ஒரு கற்பூரம் கொளுத்தி வைப்பார். யாருக்கு என்று கேட்டதற்கு, “வீட்டுல வைக்க ஆள் இல்லாதவங்களுக்கு சார்” என்றார். ஸ்பிரிட் டின் இருக்கிற இடத்தில் தீயா என்று அவருக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். நியாயம்தான், விதி விதிதானே. 2019-இல் மருத்துவக் கவுன்சில் புதிய பாடத்திட்டம் கொண்டுவந்தது. உடலுக்கு மரியாதை செலுத்தி உறுதிமொழி எடுப்பது இப்போது எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. வெள்ளைக் கோட்டு, மைக், ஆங்கிலத்தில் உறுதிமொழி, கடைசியில் குரூப் போட்டோ. நல்ல ஏற்பாடு. அட்டெண்டர் அதற்கு முன்பே ரிடையர் ஆகிவிட்டார்.

முதலாமாண்டு என்பது எங்களுக்கு ஒன்றரை வருடம். 1997-இல் அதை ஒரு வருடமாகக் குறைத்தார்கள். உடம்பின் நீளத்தை யாரும் குறைக்கவில்லை.

இந்த நெருக்கடியில்தான் நான் கப்பலேறினேன். என் தலைமுறையில் அனாடமி வாத்தியார்களுக்கு இது வழக்கமான பாதை. பிராக்டிஸ் கிடையாது, கிளினிக் போர்டு கிடையாது. பெண் வீட்டில் ‘டாக்டர்னு சொல்றாங்க, ஊசி போடத் தெரியாதாமே’ என்று பேச்சு. வெளிநாட்டில் ஆள் தேவை. லிபியா, ஓமன், மலேசியா, நேபாளம், கரீபியன் தீவுகள் என்று எங்கே மருத்துவக் கல்லூரி முளைத்தாலும் அங்கே ஒரு தமிழர் தொடையெலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கரீபியன் தீவில் எனக்கு வாய்த்த முதல் அதிர்ச்சி, உடலோடு வந்த ஒரு தாள். அமெரிக்காவில் தானம் செய்யப்பட்டுக் கப்பலில் வந்த உடல். வயது 81, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, இதய நோய். அதுவரை எத்தனையோ உடல்களின் சிறுநீரகத் தமனி எங்கே பிரிகிறது என்று பார்த்த எனக்கு, ஒருவர் என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்தது அன்றைக்குத்தான். மாணவர்கள் டெர்ம் முடிவில் அந்த அம்மாளுக்கு நன்றிக் கடிதம் எழுதி வாசித்தார்கள். எனக்கும் எழுதினார்கள், வேறு விதத்தில். எங்கள் காலத்தில் வாத்தியார் மாணவனுக்கு மார்க் போடுவார். அங்கே மாணவர்கள் எனக்குப் போட்டார்கள்: ஐந்துக்கு மூன்றரை. குறிப்பு: வேகமாகப் பேசுகிறார், நகைச்சுவை புரியவில்லை.

நகைச்சுவை என்று அவர்கள் சொன்னது இதுவாக இருக்கலாம். மேற்கை எலும்பின் பள்ளத்தில் மூன்று தசைகள் வந்து ஒட்டும்: இரு கரையிலும் பெக்டொராலிஸ் மேஜரும் டெரெஸ் மேஜரும், நடுவில் லாட்டிசிமஸ் டார்சை. ‘இரண்டு மேஜர்களுக்கு நடுவில் ஒரு லேடி’ என்று உலகம் முழுக்க வாத்தியார்கள் சொல்லி, முதல் வரிசைப் பையன்கள் சிரித்து, மாணவிகள் குனிந்து எழுதிக்கொண்ட சூத்திரம். அங்கே ஒரு மாணவி கையைத் தூக்கினாள். அமெரிக்க ராணுவத்தில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவள். “நடுவில் நிற்கிறவருக்கு ராங்க் இல்லையா?” என்றாள். அதற்குப் பிறகு அந்த வரியை நான் சொல்வதில்லை. தசைகள் அதே இடத்தில்தான் ஒட்டுகின்றன.

டாக்டர் படிப்புக்கு மட்டும் அனாடமி என்று நினைத்திருந்த என்னை மலேசியா திருத்தியது. காலையில் நர்ஸிங், மதியம் பிசியோதெரபி, சாயங்காலம் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங். ஒரே இடுப்பு, மூன்று பாடம். நர்ஸிங் பெண்களுக்கு வேண்டியது ஒரு எல்லைக்கோடு: ஊசியை எங்கே குத்தினால் சயாட்டிக் நரம்பு தப்பிக்கும். பிட்டத்தை நாலாகப் பிரித்து மேல் வெளிப்பக்கத்தைக் காட்டினால் நோட்டை மூடிவிடுவார்கள். பிசியோ பிள்ளைகளுக்குப் படமும் வேண்டாம் உடலும் வேண்டாம்; ஒருவரை ஒருவர் குப்புறப் படுக்க வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக் கண்டுபிடிப்பார்கள். தசை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று மருத்துவ மாணவர்களைவிடத் துல்லியமாகச் சொன்னவர்கள் அவர்கள்தான். இதைச் சொன்னால் டாக்டர்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் உண்மை.

இன்ஜினீயரிங் பையன்கள் தனி ரகம். நெடுக்காகப் பிளந்த தொடையெலும்பின் மேல்முனையைக் காட்டினேன். உள்ளே மெல்லிய எலும்பு இழைகள் வளைந்து வளைந்து ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பெயர் சொல்லத் தொடங்குமுன், ஈப்போவைச் சேர்ந்த ஒரு சீனப் பையன், “இது கிரேன் அல்லவா, லோடு போகும் பாதை” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. 1860-களில் சூரிச்சில் ஹெர்மன் மேயர் என்கிற உடற்கூறியலாளர் இதே மாதிரி ஒரு வெட்டுத்துண்டை வைத்திருந்தபோது, பாரந்தூக்கி வடிவமைத்துக்கொண்டிருந்த கார்ல் குல்மன் என்கிற பொறியாளர் பார்த்துவிட்டு, இது என் கிரேன் என்று சொன்னதாகக் கதை. அந்தப் பையனுக்குக் குல்மனைத் தெரியாது. கன்னிங்ஹாமைக் கரைத்துக் குடித்த எனக்குக் கிரேனைத் தெரியாது.

உடலைத் தருவதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முறை இருக்கிறது. தாய்லாந்தில் தானமாக வந்த உடலை மாணவர்கள் ‘பெரிய ஆசிரியர்’ என்று அழைக்கிறார்கள். தைவானில் ட்சு சி என்கிற பௌத்தத் தொண்டு அமைப்பு தொடங்கிய முறையில் மாணவர்கள் முன்கூட்டியே அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்க்கிறார்கள். முடிந்ததும் உடலைப் பழையபடி தைத்து, உடை உடுத்தி, பெட்டி தூக்கிக் கொடுக்கிறார்கள். கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகம் 2012-இல் அந்த முறையை எடுத்துக்கொண்டது. இலங்கையில் உடலைத் தருவது பௌத்தர்களுக்குத் தானம், புண்ணியக் கணக்கு. பிரிட்டனில் அது சட்டக் கணக்கு: 2004-ஆம் வருடத்துச் சட்டப்படி இருக்கும்போதே எழுத்தில், சாட்சியோடு சம்மதம் தந்திருக்க வேண்டும். அங்கே ஒரு விரல் எலும்பை அடுத்த அறைக்குக் கொண்டுபோவதற்கு நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். டிரங்குப் பெட்டியைப் பேருந்து கூரையில் கட்டி ஊருக்குக் கொண்டுபோன அதே கை. அந்த நாட்டிலேயே பெனின்சுலா மருத்துவக் கல்லூரி 2002-இல் பிணமே இல்லாமல் பாடத்தை ஆரம்பித்தது. உயிரோடிருக்கிற மாடலின் மேலேயே சாயத்தால் உறுப்புகளை வரைந்து படிப்பு. எங்கள் புரொஃபசர் இருந்திருந்தால் சாக்பீஸைக் கீழே வைத்திருப்பார்.

பிறகு கொரோனா வந்தது. ரிடையர் ஆன என்னை மறுபடி கூப்பிட்டு ஜூமில் உட்கார வைத்தார்கள். மஸ்கட்டில் இரண்டு பேர், லாகோஸில் ஒருத்தி, பினாங்கில் நாலு பேர், தென்காசியில் மொட்டை மாடியில் சிக்னல் தேடி ஒரு பையன். திரையில் உடலை நறுக்கிக் காட்டினேன். கறுப்புப் பின்னணியில் வட்ட வட்டமாக, தலையிலிருந்து கால்வரை குறுக்குவெட்டுகள். “சார், இது வரைஞ்சதா, நிஜமா?” என்று தென்காசிப் பையன் கேட்டான்.

நிஜம். ஜோசப் பால் ஜெர்னிகன், டெக்சாஸ். கொலைக் குற்றத்துக்காக 1993-இல் விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர். உடலை அறிவியலுக்குத் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத் திட்டத்துக்காக அந்த உடலை உறைய வைத்து, ஒரு மில்லிமீட்டர் வீதம் சீவி, 1,800-க்கும் மேற்பட்ட படங்களாக எடுத்து 1994-இல் வெளியிட்டார்கள். உலகத்துக்கே மாதிரி மனிதனாக அமைந்த அவருக்கு அப்பெண்டிக்ஸ் இல்லை, ஒரு விரை இல்லை. இரண்டும் முன்பே அறுவை சிகிச்சையில் போய்விட்டன. அப்பெண்டிக்ஸ் எங்கே என்று தேடித் தேடிச் சலித்த மாணவர்கள் எத்தனை நாட்டில் இருப்பார்களோ.

பையன் அடுத்துக் கேட்டான்: “அப்ப கிரேஸ் அனாடமி படமெல்லாம் யார் சார்?” என் ஆச்சிக்குப் பிறகு அதைக் கேட்ட ஆள் இவன்தான். 1858-இல் வந்த அந்தப் புத்தகத்தின் படங்கள் லண்டன் ஏழை விடுதிகளில் கேட்பாரற்று இறந்தவர்களைப் பார்த்து வரைந்தவை. வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். எழுதிய ஹென்றி கிரேக்கு ஒவ்வொரு ஆயிரம் பிரதிக்கும் பணம். கார்ட்டருக்கு 150 பவுண்டு ஒரே தடவை, அதோடு சரி. அவர் அதை வாங்கிக்கொண்டு பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரிக்கு அனாடமி வாத்தியாராக வந்துவிட்டார். வெளிநாடு போகிற வாத்தியார்கள் மரபுக்கு எதிர்த்திசையில் அவர் முன்னோடி.

எங்கள் புரொஃபசர் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்திருந்த பெர்ன்கோப் அட்லஸைப் பற்றியும் சொன்னேன். அதன் அழகுக்கு இன்றுவரை இணையில்லை. பெர்ன்கோப் வியன்னா பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் நாஜி டீன். ஓவியர்களில் ஒருவர் தம் கையெழுத்திலேயே ஸ்வஸ்திகா போட்டிருக்கிறார். 1998-இல் வியன்னா பல்கலைக்கழகமே விசாரித்து அறிக்கை தந்தது: நாஜி ஆட்சியில் மரண தண்டனைக்குள்ளான குறைந்தது 1,377 பேரின் உடல்கள் அங்குள்ள அனாடமி துறைக்கு வந்திருக்கின்றன. கையில் பவுடர் வாசத்தோடு அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு, நரம்பின் மஞ்சள் எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று நாங்கள் வியந்திருக்கிறோம். லாகோஸ் பெண் மைக்கை ஆன் செய்து, “இது பரீட்சைக்கு வருமா?” என்றாள். வராது என்றேன். ஆஃப் செய்துவிட்டாள்.

போன மாதம் உடல் தானப் படிவம் வாங்கப் போனேன். ஹெச்.ஓ.டி. என் பழைய மாணவி. “சார், உங்களைப் போய் வேண்டாம்பமா? ஒல்லியா இருக்கீங்க, பசங்களுக்குக் கொழுப்பு எடுக்கிற வேலை மிச்சம்” என்றாள். துறையில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் ஆதார் நகல் வேண்டும், போட்டோ வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், வீட்டார் சம்மதம் வேண்டும். பிரேதப் பரிசோதனை ஆகியிருந்தால் எடுக்க மாட்டார்கள், தொற்று நோய் இருந்தால் எடுக்க மாட்டார்கள். பெயரே இல்லாதவர்களை வைத்துக் காலம் ஓட்டிய துறை, எனக்குப் பின்கோடு கேட்கிறது.

சாட்சிக் கையெழுத்துக்கு வீட்டில் நீட்டினேன். மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். இறந்த சில மணி நேரத்துக்குள் உடலைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

“உசுரோட இருக்கப்பவே ஒரு கல்யாணத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்ல. இதுக்கு மட்டும் டயத்துக்குக் கிளம்பிருவீங்களாக்கும்?”